மாத்திரைச் சீட்டில் மட்டும் இல்லை, சாக்கடையிலும் இருக்கிறது ஆன்டிபயாடிக் எதிர்ப்பு: இந்தியா எதை அளக்க மறுக்கிறது?

சளி, காய்ச்சலுக்கெல்லாம் நீங்களாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். டாக்டர் சொன்ன கோர்ஸை பாதியில் நிறுத்தாதீர்கள். இந்த அறிவுரையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். சரியான அறிவுரைதான். ஆனால் அது பிரச்சினையின் ஒரு பாதியைத்தான் பேசுகிறது.

மீதிப் பாதி உங்கள் அபார்ட்மென்ட்டின் கழிவுநீர்க் குழாயில் தொடங்குகிறது. மருத்துவமனை, மருந்துத் தொழிற்சாலை, கோழிப் பண்ணை ஆகியவற்றின் கழிவு பல ஊர்களில் ஒரே ஏரியிலோ ஆற்றிலோ போய்ச் சேர்கிறது. வாழ்க்கையில் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைகூட வீணாகப் போடாத ஒருவருக்கும் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி வந்து சேர இந்த வழி போதும்.

இது எவ்வளவு பெரிய பிரச்சினை? 2019-ல் இந்தியாவில் கிட்டத்தட்ட 2.97 லட்சம் பேர் மருந்து எதிர்ப்பின் நேரடி விளைவாக இறந்தார்கள் என்பது சர்வதேச ஆய்வாளர்களின் மதிப்பீடு. மருந்து எதிர்ப்புக் கிருமியோடு தொடர்புடைய மொத்த மரணங்கள் சுமார் 10.4 லட்சம். இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் எண், அந்தத் தொற்று மருந்துக்குக் கட்டுப்பட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்களைக் குறிக்கிறது. இரண்டாவது எண், எதிர்ப்புக் கிருமித் தொற்றுக்கு மரணத்தில் பங்கிருந்த எல்லோரையும் குறிக்கிறது.

முதலில் அடிப்படை: பாக்டீரியா எப்படி 'கற்றுக்கொள்கிறது'?

ஒரு ஆன்டிபயாடிக் பெரும்பாலான பாக்டீரியாக்களைக் கொல்லும்போது, தற்செயலான மரபணு மாற்றத்தால் தாக்குப்பிடிக்கும் சில தப்பிக்கும். அவை பெருகும். பள்ளிப் பாடத்தில் படித்த பரிணாமம்தான் இது.

பாக்டீரியாவிடம் இன்னொரு வித்தையும் உண்டு. எதிர்ப்பு மரபணுவை அது தன் வாரிசுக்கு மட்டும் கொடுப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்கும் கொடுக்கும். 'பிளாஸ்மிட்' எனப்படும் சின்ன வளைய வடிவ டி.என்.ஏ. துண்டு இதற்கான வாகனம். போன்ல இருந்து போனுக்கு ஃபைல் அனுப்புற மாதிரின்னு வச்சுக்கோங்க. நம் குடலில் தொந்தரவு செய்யாமல் வாழும் ஈ.கோலை, டைபாய்டு கிருமிக்கு ஒரு பிளாஸ்மிட்டைக் கொடுத்துவிட முடியும்.

இந்தப் பரிமாற்றம் நடக்க மூன்று விஷயங்கள் வேண்டும்: நெருக்கமாக நிறைய பாக்டீரியா, தோதான வெப்பநிலை, தாக்குப்பிடிப்பவற்றுக்குச் சாதகமாகக் கொஞ்சம் ஆன்டிபயாடிக். நம் சாக்கடையில் மூன்றும் இருக்கின்றன. நாம் விழுங்கும் பல ஆன்டிபயாடிக்குகளில் கணிசமான பகுதி, உடலில் சிதையாமல் சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறுவதும் இதற்கு ஒரு காரணம்.

டெல்லி குழாய்நீரில் கிடைத்தது என்ன?

2010-ல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வந்த கட்டுரை இந்தியாவில் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை, ஹரியானா, பிரிட்டன் உள்ளிட்ட இடங்களின் நோயாளிகளிடம் என்.டி.எம்-1 என்ற மரபணு கொண்ட பாக்டீரியா பரவியிருப்பதை அது காட்டியது. கடைசி ஆயுதமாக ஐ.சி.யு.-வில் பயன்படுத்தும் கார்பபெனம் வகை மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் மரபணு அது. பெயரில் 'நியூ டெல்லி' இருந்ததால் விவாதம் முழுக்க நாட்டின் மானம், மருத்துவச் சுற்றுலா என்ற பக்கம் போய்விட்டது. பெயர் விஷயத்துக்காக அந்த இதழின் ஆசிரியர் 2011 ஜனவரியில் மன்னிப்பும் கேட்டார்.

அதே 2011-ல் வந்த அடுத்த ஆய்வு இதைவிட முக்கியமானது. டிமோத்தி வால்ஷ் தலைமையிலான குழு, டெல்லியில் தெருவில் தேங்கிய கழிவுநீர் மாதிரிகள் 171, பொதுக் குழாய்நீர் மாதிரிகள் 50 ஆகியவற்றைச் சோதித்தது. தேங்கிய நீரில் 51 மாதிரிகளிலும் குழாய்நீரில் 2 மாதிரிகளிலும் என்.டி.எம்-1 மரபணு இருந்தது. ஒப்பீட்டுக்காக பிரிட்டனின் கார்டிஃப் நகரில் எடுத்த 70 கழிவுநீர் மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை.

இரண்டு விவரங்களைக் கவனியுங்கள். ஒன்று, காலரா, வயிற்றுக்கடுப்பு ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களிலும் அந்த மரபணு ஏற்கெனவே ஏறியிருந்தது. இரண்டு, மரபணுப் பரிமாற்றம் 30 டிகிரி செல்சியஸில் அதிக வேகத்தில் நடந்தது. நம் ஊர்களில் வருடத்தின் பெரும்பகுதி சாக்கடை நீர் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கும்.

அதாவது, மருத்துவமனைக்குள் மட்டும் இருப்பதாக நாம் நினைத்த ஒரு மரபணு தெருவுக்கு வந்து, குழாய்க்குள்ளும் நுழைந்திருந்தது.

பட்டான்சேருவில் ஒரு லிட்டர் கழிவுநீர்

அடுத்த இடம் ஹைதராபாத் பக்கத்தில் உள்ள பட்டான்சேரு. உலகச் சந்தைக்கு மருந்து மூலப்பொருட்கள் தயாரிக்கும் பகுதி இது. இங்கே சுமார் 90 மருந்து நிறுவனங்களின் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரித்த ஒரு பொது நிலையத்தில், ஸ்வீடனைச் சேர்ந்த யோவாகிம் லார்சன் குழு மாதிரி எடுத்து 2007-ல் முடிவை வெளியிட்டது.

'சுத்திகரித்து' வெளியேற்றிய நீரில், ஒரு லிட்டருக்கு 31,000 மைக்ரோகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸாசின் இருந்தது. உங்கள் வீட்டு மருந்து டப்பாவிலும் இருக்கக்கூடிய அதே ஆன்டிபயாடிக்தான். இது எவ்வளவு அதிகம்? எதிர்ப்பு பாக்டீரியா உருவாகத் தூண்டாத பாதுகாப்பான அளவு என்று 2016-ல் விஞ்ஞானிகள் கணித்தது லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் 4.8 லட்சம் மடங்கு வருகிறது.

இன்னொரு ஒப்பீடும் அந்த ஆய்வில் உண்டு. அந்த நிலையத்திலிருந்து ஒரு நாளில் வெளியேறிய சிப்ரோஃப்ளாக்ஸாசின் சுமார் 45 கிலோ. அப்போது 90 லட்சம் மக்கள் இருந்த ஸ்வீடன் நாடு முழுவதும் 5 நாட்களில் பயன்படுத்தும் அளவு அது.

"அது 2007 கதை" என்று தோன்றலாம். 2016 நவம்பரில் ஹைதராபாத் பகுதியின் 28 இடங்களில் வேறொரு குழு மாதிரி எடுத்தது. 95 சதவீதத்துக்கும் மேலான மாதிரிகளில், முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை முறியடிக்கும் பாக்டீரியா இருந்தது.

சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் போதாதா?

முதலில் கையிருப்பைப் பார்ப்போம். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி, இந்திய நகரங்கள் ஒரு நாளில் வெளியேற்றும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். கட்டப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர்.

சுருக்கமாக, 100 பக்கெட் கழிவுநீரில் 28 பக்கெட்தான் சுத்தமாகிறது. 72 பக்கெட் அப்படியே ஆறு, ஏரி, நிலத்துக்குப் போகிறது.

அந்த 28 பக்கெட்டாவது பாதுகாப்பானதா? அங்கேதான் அடுத்த சிக்கல். வழக்கமான நிலையங்கள் நீரில் உள்ள கரிமக் கழிவைக் குறைக்க வடிவமைக்கப்பட்டவை. கழிவைத் தின்பதற்காகவே தொட்டியில் கோடிக்கணக்கான பாக்டீரியாவை வளர்க்கிறார்கள். காற்று ஊட்டி, கலக்கிவிட்டு, மணிக்கணக்கில் ஒன்றாக வைக்கிறார்கள். கழிவு குறைகிறது, கிருமிகளின் எண்ணிக்கையும் நன்றாகவே குறைகிறது. ஆனால் எதிர்ப்பு மரபணுக்கள் முழுதாக ஒழிவதில்லை. தப்பிய பாக்டீரியா வெளியேறும் நீரிலும், அடியில் படியும் கசடிலும் இருக்கும். அந்தக் கசடு சில இடங்களில் வயலுக்கு எருவாகப் போகிறது.

இதனால் சுத்திகரிப்பு நிலையம் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. நேரடியாக ஆற்றில் விடுவதைவிட அது பல மடங்கு மேல். ஆனால் மருந்துத் தொழிற்சாலைக் கழிவையும் நகரச் சாக்கடையையும் ஒரே நிலையத்தில் கலப்பது வேறு விஷயம். அதிக ஆன்டிபயாடிக்கும் மனிதக் குடல் பாக்டீரியாவும் அங்கே சந்தித்துக்கொள்ளும். பட்டான்சேரு கழிவை, முசி ஆற்றில் விடுமுன் ஹைதராபாத் நகரத்தின் அம்பர்பேட்டை நிலையத்துக்குக் குழாய் வழியாக அனுப்பியபோது ஆய்வாளர்கள் கவலைப்பட்டது இதற்காகத்தான்.

வந்துவிட்டு மறைந்த ஒரு விதி

இப்போது அரசியலுக்கு வருவோம். தொழிற்சாலைக் கழிவுநீரில் எவ்வளவு ஆன்டிபயாடிக் இருக்கலாம் என்று சட்டம் சொல்ல வேண்டும் இல்லையா?

2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அப்படி ஒரு வரைவை வெளியிட்டது. 121 ஆன்டிபயாடிக்குகளுக்குத் தனித்தனி வரம்பு அதில் இருந்தது. உலகிலேயே முன்னோடி முயற்சி என்று பாராட்டு வந்தது. வரம்பு மிகக் கடுமை, நடைமுறைக்கு ஒத்துவராது என்று தொழில்துறை தரப்பில் எதிர்ப்பும் வந்தது.

2021 ஆகஸ்டில் இறுதி விதிகள் வெளியாயின. மருந்துத் தொழிற்சாலைக் கழிவுக்கான மற்ற தரநிலைகள் அதில் இருந்தன. 121 ஆன்டிபயாடிக் பட்டியல் இல்லை.

விளைவு என்ன? ஒரு ஆலையின் கழிவுநீரில் சிப்ரோஃப்ளாக்ஸாசின் எவ்வளவு இருந்தாலும், "வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்" என்று சொல்ல அந்த விதியில் வரம்பே இல்லை. அளக்கச் சொல்லாத ஒன்றை மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் தானாக அளந்து பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

தொழில்துறையின் வாதத்தில் நியாயம் இருக்கிறதா?

இருக்கிறது, ஓரளவுக்கு. மூன்று வாதங்களைத் தனித்தனியாகப் பார்ப்போம்.

ஒன்று, செலவு. லிட்டருக்கு மைக்ரோகிராமில் ஆன்டிபயாடிக்கை அளக்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டும். சின்ன நிறுவனங்களுக்கு இது பாரம். அவை மூடினால் வேலையும் போகும், மருந்து விலையும் ஏறும். கவலை நியாயமானது. இதற்குத் தீர்வாகக் கால அவகாசம் கொடுக்கலாம், பொதுப் பரிசோதனைக் கூடம் அமைக்கலாம். வரம்பையே நீக்குவது தீர்வு ஆகாது.

இரண்டு, மருத்துவமனையிலும் பண்ணையிலும் நடக்கும் தவறான பயன்பாடுதான் பெரிய காரணம், எங்களை ஏன் குறிவைக்கிறீர்கள் என்பது. நாடு முழுவதுக்குமான மொத்தக் கணக்கில் மனிதர், கால்நடை பயன்பாடு பெரிய பங்குதான். ஆனால் ஆலையை ஒட்டிய நீரில் சேரும் அளவோடு ஒப்பிட, சாதாரண நகரச் சாக்கடையில் எதுவும் இல்லை. அந்த ஊர் மக்களுக்கு தேசிய சராசரி ஆறுதல் தராது.

மூன்று, தண்ணீரில் மரபணு இருந்தால் மனிதருக்கு நோய் வந்துவிடுமா என்ற கேள்வி. நல்ல கேள்வி. மரபணு இருப்பதும் நோய் வருவதும் ஒன்றல்ல. ஆனால் அந்தச் சங்கிலி முழுதாக இணைந்த ஒரு சம்பவம் இன்னொரு ஹைதராபாத்தில் நடந்திருக்கிறது.

பாகிஸ்தானின் ஹைதராபாத் சொல்லும் பாடம்

2016 நவம்பரில் சிந்து மாகாணத்தின் ஹைதராபாத் நகரில் ஒரு விநோதமான டைபாய்டு பரவத் தொடங்கியது. வழக்கமாகக் கொடுக்கும் ஐந்து வகை ஆன்டிபயாடிக்குகளுக்கும் அது கட்டுப்படவில்லை. மாத்திரையாகக் கொடுக்க அசித்ரோமைசின் மட்டுமே மிஞ்சியது. அடுத்து கார்பபெனம் ஊசிதான்.

மரபணுவைப் பிரித்துப் பார்த்த விஞ்ஞானிகள், அந்த டைபாய்டு கிருமி எதிர்ப்பு மரபணுக்கள் நிறைந்த ஒரு பிளாஸ்மிட்டை ஈ.கோலை போன்ற குடல் பாக்டீரியாவிடமிருந்து வாங்கியிருக்கக்கூடும் என்று கண்டறிந்தார்கள். நோய் பரவிய வழியைத் தேடியபோது சாக்கடை கலந்த குடிநீர் முக்கியச் சந்தேகமாக வெளிப்பட்டது. 2019 நவம்பரில் பாகிஸ்தான் டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியைக் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. உலகில் முதலில் அதைச் செய்த நாடு அதுதான்.

சீட்டில்லாமல் மாத்திரை போட்டவர் மட்டும் அங்கே பாதிக்கப்படவில்லை. குழாய்த் தண்ணீர் குடித்த குழந்தைகளுக்கு வந்தது.

டேட்டா என்ன சொல்கிறது: மாத்திரையா, குழாயா?

2018-ல் பீட்டர் காலிக்னன் குழு பல நாடுகளின் தரவை வைத்து ஒரு கேள்வி கேட்டது: ஒரு நாட்டில் மருந்து எதிர்ப்பு அதிகமாக இருப்பதற்கும் அங்கு ஆன்டிபயாடிக் அதிகம் விற்பதற்கும் எவ்வளவு தொடர்பு? எதிர்பார்த்த அளவுக்கு வலுவான தொடர்பு கிடைக்கவில்லை. நல்ல உள்கட்டமைப்பு, நல்ல நிர்வாகம் உள்ள நாடுகளில் எதிர்ப்பு குறைவாக இருந்தது. சுத்தமான நீரும் கழிப்பறை வசதியும் அந்த உள்கட்டமைப்பில் அடக்கம்.

இதை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். நாடுகளின் சராசரியை ஒப்பிடும் ஆய்வு தொடர்பைக் காட்டும், காரணத்தை நிரூபிக்காது. ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி போடலாம் என்றும் இது சொல்லவில்லை. எதிர்ப்பு உருவாக மருந்து வேண்டும், பரவுவதற்கு அழுக்குத் தண்ணீர் போதும் என்று புரிந்துகொள்ளலாம்.

2024-ல் வந்த இன்னொரு மதிப்பீடு இதை உயிர்க்கணக்காக மாற்றியது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாடு, பாதுகாப்பான குடிநீர் மற்றும் சுகாதாரம், குழந்தைத் தடுப்பூசி ஆகிய மூன்றையும் சரியாகச் செய்தால், எதிர்ப்புக் கிருமியோடு தொடர்புடைய மரணங்களில் ஆண்டுக்கு சுமார் 7.5 லட்சத்தைத் தடுக்கலாம். அதில் குடிநீர், சுகாதாரத்தின் பங்கு மட்டும் ஏறக்குறைய 2.48 லட்சம். இதில் எதற்கும் புது மருந்து கண்டுபிடிக்கத் தேவையில்லை.

சரி, நம்ம வீட்டுத் தண்ணிய குடிக்கலாமா?

பயப்பட வேண்டாம், முதலில் ஒரு நல்ல செய்தி. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியா, சூட்டுக்கு அடங்கும். நன்றாகத் தளதளவெனக் கொதித்த நீரில் சாதாரண ஈ.கோலையும் சாகும், என்.டி.எம்-1 வைத்திருக்கும் ஈ.கோலையும் சாகும். போதுமான குளோரினும் பெரும்பாலும் வேலை செய்யும்.

இந்தியக் குடிநீர்த் தரநிலைப்படி 100 மில்லி நீரில் ஒரு ஈ.கோலைகூட இருக்கக் கூடாது. குழாயில் குளோரின் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். இந்த இரண்டும் உண்மையிலேயே அமலானால், எதிர்ப்புக் கிருமி குழாய் வழியாக வரும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும்.

சிக்கல் எங்கே? நம் நகரங்களில் தண்ணீர் சில மணி நேரம்தான் வருகிறது. மீதி நேரம் குழாய் காலியாக, அழுத்தம் இல்லாமல் கிடக்கும். பக்கத்தில் ஓடும் சாக்கடை, குழாயின் விரிசல் வழியாக உள்ளே கசியும். நிலையத்தில் சுத்தமாகக் கிளம்பிய நீர் வீட்டுக்கு வரும்போது அழுக்காகிறது. 24 மணி நேர விநியோகத்தை வசதி என்று மட்டும் நினைக்கிறோம். ஒடிசாவின் புரி நகரம் 2021-ல் குழாயிலிருந்து நேரடியாகக் குடிக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, நாள் முழுக்க அழுத்தத்தோடு நீர் ஓடுவது அதன் அடிப்படையாக இருந்தது.

வீட்டளவில் நீங்கள் செய்யக்கூடியவை:

- சம்ப், மேல்நிலைத் தொட்டி இரண்டையும் தவறாமல் கழுவச் சொல்லுங்கள். ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுங்கள். தண்ணீரில் வாடையோ கலங்கலோ இருந்தால் கொதிக்க வையுங்கள்.
- மிச்சமான ஆன்டிபயாடிக்கை டாய்லெட்டிலோ சிங்க்கிலோ கொட்டாதீர்கள். கேரளா 2025-ல் கோழிக்கோட்டில் வேண்டாத மருந்துகளைத் திரும்பப் பெறும் திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் ஊரிலும் ஏன் இல்லை என்று கேட்கலாம்.
- டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் பேசுங்கள். வராத நோய்க்கு ஆன்டிபயாடிக் தேவைப்படாது.
- உங்கள் அபார்ட்மென்ட்டில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், அது உண்மையில் ஓடுகிறதா, பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது என்ன?

ஐரோப்பிய ஒன்றியத்தின் திருத்திய நகரக் கழிவுநீர்ச் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பெரிய நகரங்கள் கழிவுநீரில் மருந்து எதிர்ப்பைக் கண்காணிக்க வேண்டும் என்கிறது அது. நுண்மாசுகளை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுப்பொருள் நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2024 செப்டம்பரில் ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்கான முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. ஆக, அளக்க முடியாது என்ற வாதத்துக்கு இனி இடம் குறைவு.

இந்தியாவுக்கும் திறமை புதிதல்ல. கொரோனா காலத்தில் ஹைதராபாத், பெங்களூரு நகரங்களின் சாக்கடை நீரைச் சோதித்துத் தொற்றின் போக்கைக் கணித்தார்கள். அதே கட்டமைப்பை எதிர்ப்பு மரபணுவைத் தேடவும் பயன்படுத்தலாம்.

2025 நவம்பரில் மத்திய அரசு, மருந்து எதிர்ப்புக்கான இரண்டாவது தேசியச் செயல்திட்டத்தை 2029 வரைக்குமாக வெளியிட்டது. அது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். 2021-ல் நீக்கிய ஆன்டிபயாடிக் வரம்பு திரும்ப வருகிறதா? மருந்து ஆலைகளின் கழிவுநீர் முடிவுகள் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியாகின்றனவா? 100-ல் 28 பக்கெட் என்ற எண் ஏறுகிறதா?

உங்கள் எம்.பி. அடுத்த முறை தொகுதிக்கு வரும்போது இந்த மூன்றையும் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை என்றோ, ஒரு எண்ணாகவோ பதில் சொல்ல முடியும்.